பெர்லின் மாரத்தான்: தட்டையான பாதையில் முதல் முறை ஓடப் போகிறவர்களுக்கு

பெர்லின் மாரத்தானுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னால் ஓட்டக்குழுவில் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "அது ரொம்ப வேகமான பாதை, பத்து நிமிஷம் தானா குறையும்." நானும் அதை நம்பிக்கொண்டுதான் போனேன். 25 கி.மீ. வரை அது உண்மை என்றே தோன்றியது. 33-ஆவது கி.மீ.யில், குர்ஃபூர்ஸ்டென்டாம் என்ற அகலமான கடைவீதியில் இரண்டு தொடைகளும் ஒரே நேரத்தில் இறுகிப்போயின. மீதித் தூரத்தில் பாதிக்கு மேல் நடந்தேன். இரண்டாம் முறை அந்தப் பாதைக்கென்றே தயாராகிப் போனேன். 19 நிமிடம் குறைந்தது. அந்தத் தயாரிப்பைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையில் பயிற்சி செய்து அங்கே போய் ஓடியவன் என்பதால், நம் வெயிலில் பழகியவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஒரு அரை மாரத்தானாவது ஓடி முடித்தவர்களுக்கு இது பயன்படும்.

முதலில், இது ஏன் வேகமான பாதை

பாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 38 மீட்டரில் தொடங்குகிறது. மிக உயரமான இடமே 53 மீட்டர்தான். சாலைகள் அகலம், கூர்மையான திருப்பங்கள் குறைவு. செப்டம்பர் பிற்பகுதியின் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதால் காலைக் குளிர் பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். பாஸ்டன் போலத் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு இறங்கிக்கொண்டே வரும் பாதை என்றால் உலகச் சாதனையாக ஏற்கமாட்டார்கள். பெர்லினில் தொடக்கமும் முடிவும் ஒரே சாலையில் இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை.

அதனால்தான் சாதனைக்கு ஓடுபவர்கள் இங்கே வருகிறார்கள். இங்கே வந்த உலகச் சாதனைகளைப் பாருங்கள் (மணி:நிமிடம்:வினாடி). 2003-இல் பால் டெர்கட் 2:04:55. 2007, 2008 இரண்டு ஆண்டும் ஹைலே கெப்ரெசெலாசி. 2014-இல் டென்னிஸ் கிமெட்டோ 2:02:57, முதல் முறையாக 2:03-க்குள். 2018-இலும் 2022-இலும் எலியட் கிப்சோகே. பெண்களில் 2001-இல் ஜப்பானின் நவோகோ தகஹாஷி 2:19:46 ஓடி, 2:20-க்குள் வந்த முதல் பெண் ஆனார். 2023-இல் எத்தியோப்பியாவின் டிக்ஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடினார்.

இந்தப் பட்டியலில் புதியவர்கள் கவனிக்க வேண்டியது கிப்சோகேயின் இரண்டு ஓட்டங்களை. 2018-இல் அவர் முதல் பாதியை 1:01:06-இலும் இரண்டாம் பாதியை 1:00:33-இலும் ஓடினார். 25 கி.மீ.க்குப் பிறகு, வேகம் பிடித்துக்கொடுக்க முன்னால் ஓடும் பேசர்கள் யாரும் இல்லை, தனியாகவே ஓடினார். 2022-இல் முதல் பாதி 59:51, இரண்டாம் பாதி 1:01:18. மொத்தத்தில் சாதனை 30 வினாடி குறைந்தது. ஆனால் முதல் பாதியில் கூட்டிய வேகத்துக்கு அவரே இரண்டாம் பாதியில் ஒன்றரை நிமிடம் கொடுக்க வேண்டியிருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அது இருபது நிமிடமாக வரும்.

சரி, தட்டையான பாதையில் என்ன கஷ்டம்? மேடு பள்ளம் உள்ள பாதையில் ஏறும்போது ஒரு தசை உழைக்கும், இறங்கும்போது வேறொன்று உழைக்கும். ஏற்றம் வந்தால் வேகம் தானாகக் குறையும், மூச்சு கொஞ்சம் திரும்பும். பெர்லினில் அப்படி எதுவும் வராது. ஒரே நீளத்தில், ஒரே கோணத்தில் சுமார் நாற்பதாயிரம் அடிகள். முதல் பத்து கி.மீ.யில் வேகத்தைக் கொஞ்சம் மிஞ்சினாலும் அதைத் தட்டிச் சொல்ல அந்தப் பாதையில் ஒரு மேடு கிடையாது. 33-இல்தான் தெரியும். கீழே எழுதுவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சமாளிக்கத்தான்.

இடமும் விசாவும்

பெரும்பாலானவர்களுக்குக் குலுக்கல்தான் வழி. சமீப ஆண்டுகளில் ஒரு போட்டி முடிந்த கையோடு அடுத்த ஆண்டுக்கான பதிவைத் திறந்து, நவம்பர் வாக்கில் மூடுகிறார்கள். குலுக்கலில் வராவிட்டால் அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டும் வழியும், பயண நிறுவனங்களின் தொகுப்பும் உண்டு; இரண்டிலும் செலவு அதிகம். முன்பு ஓடிய மாரத்தான் நேரத்தைச் சான்றாகக் கொடுத்தால் தொடக்கக் கோட்டில் அதற்கேற்ற தொகுதியில் நிறுத்துவார்கள். சான்று இல்லாதவர்களும் முதல் மாரத்தான் ஓடுபவர்களும் கடைசித் தொகுதிகளில் நிற்பார்கள். எனவே முடிந்தால் ஜனவரியில் சென்னையிலோ மும்பையிலோ ஒரு மாரத்தானை நிதானமாக ஓடி வையுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். செப்டம்பர் பயணத்துக்கு ஜூன் தொடக்கத்திலேயே நேர்காணல் தேதி வாங்கிவிடுங்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தில் தேதி கிடைக்காமல் தவித்தவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

பதினாறு வாரம்: வெயிலில் தயாராகி, குளிரில் ஓடுவது

ஜூன் முதல் வாரத்தில் பயிற்சி தொடங்கும். நாற்பது வயதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் அதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

வாரத்துக்கு ஐந்து நாள் ஓட்டம் போதும், நான்கு நாள் முடிந்தாலும் பரவாயில்லை. ஒரு நாள் வேகப் பயிற்சி, ஒரு நாள் இலக்கு வேக ஓட்டம், ஞாயிறு லாங் ரன் என்ற நீண்ட ஓட்டம், மற்றவை பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். லாங் ரன்னை 16 கி.மீ.யில் ஆரம்பித்துப் படிப்படியாக 30, 32 வரை கொண்டுபோங்கள். நான்கரை மணி நேரத்துக்கு மேல் எடுப்பவர்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் மூன்றரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பயனைவிடக் களைப்புதான் மிச்சம்.

பெர்லினுக்கென்று மாற்ற வேண்டியவை இனிமேல் வருகின்றன.

ஒன்று, நிற்காமல் ஓடிப் பழக வேண்டும். நம் ஊரில் லாங் ரன் என்றால் சிக்னலில் நிற்போம், நாய்க்கு நிற்போம், ஐந்து கி.மீ.க்கு ஒருமுறை வண்டி டிக்கியில் வைத்த தண்ணீருக்கு நிற்போம், நண்பருக்காகக் காத்திருப்போம். கைக்கடிகாரமும் அப்போதெல்லாம் தானே நின்றுவிடும். அப்படி ஓடிய 30 கி.மீ. உண்மையில் ஐந்து கி.மீ. வீதம் ஆறு ஓட்டங்கள்தான். என் முதல் முறைத் தோல்விக்கு முக்கியக் காரணம் இதுவே என்று இப்போது நினைக்கிறேன். தண்ணீரை இடுப்புப் பட்டையில் எடுத்துக்கொண்டு, கடிகாரத்தின் தானியங்கி நிறுத்தத்தை அணைத்துவிட்டு, மாதம் இரண்டு ஓட்டமாவது முழுக்க நிற்காமல் ஓடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் நேரான பகுதி அதிகாலை நான்கரைக்கு இதற்கு மிகப் பொருத்தம். கோவைக்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ் சுற்று இருக்கிறது.

இரண்டு, களைத்த காலில் இலக்கு வேகம். 24 கி.மீ. ஓட்டத்தில் முதல் 14 நிதானமாக, கடைசி 10 இலக்கு வேகத்தில். பிறகு 30-இல் கடைசி 12. இதுதான் பெர்லினின் பின்பாதிக்கு நேரடி ஒத்திகை. இதோடு வாரம் இரண்டு நாள் பதினைந்து நிமிடம் ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது, தோப்புக்கரணம் போல உட்கார்ந்து எழுவது, இடுப்புத் தசைக்கான பயிற்சிகள். ஒரே அசைவைத் தாங்கும் பலம் இங்கிருந்துதான் வரும்.

மூன்று, இலக்கு வேகத்தை எப்படி முடிவு செய்வது. இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறோம். சென்னை ஜூன் விடியலில் 28 டிகிரிக்கு மேல், கூடவே ஈரப்பதம். அங்கே கி.மீ.க்கு 6:30 நிமிட வேகத்தில் ஓடும்போது அடிக்கும் இதயத் துடிப்பு, குளிரில் 6 நிமிட வேகத்திலேயே கிடைக்கலாம். வெப்பத்தில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அது குளிரில் நமக்குச் சாதகம். ஆனால் எவ்வளவு சாதகம் என்று தெரியாமல் அங்கே போய் முதல் முறையாகச் சோதிக்கக் கூடாது. ஏசி உள்ள ஜிம்மில் டிரெட்மில்லை ஒரு சதவீதம் சாய்த்து 15 கி.மீ. ஓடிப் பாருங்கள், அல்லது ஆகஸ்டில் பெங்களூரு போய் ஒரு 20 கி.மீ. ஓடுங்கள். ஊட்டி வேண்டாம், 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, கணக்கு தவறும். அந்த ஓட்டத்தில் சிரமமில்லாமல் பிடித்த வேகத்திலிருந்து கி.மீ.க்கு ஐந்து வினாடி மெதுவாக வைத்துக்கொண்டால் முதல் முறைக்குப் பாதுகாப்பான இலக்கு கிடைக்கும்.

நான்கு, தண்ணீர்க் கணக்கு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். சென்னையில் மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் குடித்துப் பழகியவர் 12 டிகிரியில் அதே அளவு குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகும். பெர்லினில் தாகத்துக்குத் தகுந்தபடி குடித்தால் போதும்.

உணவையும் பயிற்சியிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்றால், ஓடும்போது பிழிந்து சாப்பிடும் சிறு ஜெல் பொட்டலங்கள் பெரும்பாலானவற்றில் சுமார் 25 கிராம் இருப்பதால் அரை மணிக்கு ஒன்று வரும். ஜெல் ஒத்துக்கொள்ளாதவர்கள் பேரீச்சம்பழமோ வெல்லக் கட்டியோ சாப்பிட்டுப் பார்க்கட்டும். எதுவானாலும் நான்கைந்து லாங் ரன்னில் வயிறு சம்மதித்த பொருளாக இருக்க வேண்டும்.

கடைசி நீண்ட ஓட்டம் போட்டிக்கு மூன்று வாரம் முன்பு. அப்புறம் குறைத்துக்கொண்டே வர வேண்டும்: அடுத்த வாரம் முக்கால், அதற்கடுத்து பாதி, கடைசி வாரம் கால்கள் மறந்துவிடாத அளவுக்கு மட்டும். இந்த நாட்களில் கால் சும்மா வலிப்பது போல இருக்கும், பயம் வரும். ஓடித் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

பாதையை மனதில் ஏற்றுவது

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பாதையை நான்கு துண்டாக்கிப் படியுங்கள். விமானத்தில் உட்கார்ந்தபடி கண்ணை மூடி முழுப் பாதையையும் ஓட்டிப் பார்க்க முடிந்தால் போதும்.

முதல் துண்டு, தொடக்கத்திலிருந்து 12 கி.மீ. வரை. டியர்கார்ட்டன் பூங்காவை ஊடுருவிப் போகும் நேரான பெரிய சாலையில் தொடக்கம். எதிரே தங்கச் சிலை ஏந்திய வெற்றித் தூண். கூட்டம் அதன் இரு பக்கமும் பிரிந்து ஓடி மறுபடி சேரும். சாலை எவ்வளவு அகலமோ அவ்வளவு கூட்டமும் இருக்கும். முன்னால் இடம் கிடைக்கும்போதெல்லாம் கால் தானாக ஓடும். எர்ன்ஸ்ட் ராய்ட்டர் சதுக்கத்தில் திரும்பி, மோவாபிட் வழியாக, ஏழாவது கி.மீ. வாக்கில் நாடாளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக் பக்கம் வரும். பிறகு பழைய கிழக்கு பெர்லின்: ஃபிரீட்ரிக் தெரு, டோர் தெரு, ஸ்ட்ராஸ்பெர்கர் சதுக்கம். இந்தத் துண்டில் உங்கள் வேலை ஒன்றே ஒன்று, இலக்கைவிட கி.மீ.க்கு ஐந்து முதல் எட்டு வினாடி மெதுவாக ஓடுவது. முதல் ஐந்து கி.மீ.யில் இழக்கும் அரை நிமிடத்தை நினைத்துக் கவலைப்படவே வேண்டாம்.

இரண்டாம் துண்டு, 12 முதல் 21 வரை. கிராய்ஸ்பெர்க், நொய்கோல்ன் பகுதிகள். கொட்புஸ்ஸர் டோர், ஹெர்மன் சதுக்கம் எல்லாம் துருக்கியக் குடும்பங்கள் நிறைய வாழும் இடங்கள்; மேளம், பாட்டு, பால்கனியில் நின்று கை தட்டும் பாட்டிகள் என்று தெருவே திருவிழா. 17, 18-க்குப் பிறகு யார்க் தெருவில் வரிசையாக ரயில் பாலங்களுக்கு அடியில் ஓட வேண்டும். கடிகாரத்தின் ஜிபிஎஸ் அங்கே குழம்பலாம், அப்போது காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். பாதித் தூரம் ஷோனெபெர்க் பகுதியில் வரும்.

மூன்றாம் துண்டுதான் இந்தப் பாதையின் உண்மையான சோதனை. 21 முதல் 33 வரை. 1963-இல் கென்னடி பேசிய ஷோனெபெர்க் நகர மண்டபத்தைத் தாண்டியதும் ஊர் அமைதியாகிவிடும். மரங்கள், வீடுகள், குறைவான கூட்டம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏற்றம் ஒன்று இங்கே இருக்கிறது. பத்து பதினைந்து மீட்டர்தான், பல கி.மீ.யில் பரவியிருக்கிறது. ஆனால் முன்னால் வேகம் கூட்டியவர்களுக்குச் சுமை இங்கேதான் ஏறுகிறது. தன்னால் முடியவில்லையோ என்ற எண்ணம் எனக்கு 26-இல் வந்தது; பாதை ஏறுகிறது என்று தெரிந்திருந்தால் அப்படித் தோன்றியிருக்காது. 28-இல் 'காட்டுப்பன்றி' என்று பொருள்படும் வில்டர் ஏபர் சந்திப்பு. கூட்டமும் இசையும் காது அடைக்கும். அங்கே உற்சாகத்தில் பாயாமல், அடுத்த ஜெல்லை அந்த இடத்துக்குச் சற்று முன் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஹோஹென்சோலெர்ன்டாம் என்ற நீளமான சாலை லேசாக இறங்கும். முதல் பாதியில் நிதானம் காத்தவர்கள் வேகத்தைத் திரும்பப் பெறுவது இங்கே.

நான்காம் துண்டு, 33 முதல் முடிவு வரை. குர்ஃபூர்ஸ்டென்டாம். அதன் முனையில், 1943 குண்டுவீச்சில் சிதைந்து, அப்படியே விட்டுவைக்கப்பட்ட கோபுரத்தோடு நிற்கும் நினைவுத் தேவாலயம். விட்டன்பெர்க் சதுக்கம் வழியாக 38 வாக்கில் போட்ஸ்டாமர் சதுக்கம். லைப்ஸிகர் தெரு நீளமாகத் தோன்றும். அங்கே அடுத்த கி.மீ. பலகையை மட்டும் பாருங்கள். ஜெண்டார்மென்மார்க்ட் பக்கம் சில திருப்பங்கள், பிறகு உண்டர் டென் லிண்டன் சாலை. திரும்பியதும் தூரத்தில் பிராண்டன்பர்க் வாயில் தெரியும்.

அந்த வாயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் போட்டி 1974-இல் மேற்கு பெர்லினின் குருனேவால்ட் காட்டை ஒட்டி 286 பேரோடு தொடங்கியது. ஏற்பாடு செய்த ஹோர்ஸ்ட் மில்டே ஒரு பேக்கரிக்காரர். 1981-இல்தான் அது நகரச் சாலைகளுக்கு வந்தது. அப்போதும் பெர்லின் சுவர் குறுக்கே நின்றதால் பாதி ஊருக்குள் மட்டுமே ஓட முடிந்தது. சுவர் விழுந்த பிறகு, 1990 செப்டம்பர் 30 அன்று, இரு ஜெர்மனிகளும் ஒன்றாவதற்கு மூன்று நாள் முன்பு, முதல் முறையாக ஓட்டக்காரர்கள் அந்த வாயிலுக்குள் ஓடிப் போனார்கள். பலர் அழுதுகொண்டே ஓடினார்கள். நீங்கள் அதன் தூண்களுக்கு இடையே நுழையும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும்: வாயில் முடிவுக் கோடு அல்ல. அதைத் தாண்டிச் சில நூறு மீட்டர் ஓட வேண்டும். வாயிலையே கோடு என்று நினைத்து எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு அங்கேயே தள்ளாடுபவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கலாம்.

நீலக் கோடும் கைக்கடிகாரமும்

சாலையில் நீல வண்ணத்தில் ஒரு கோடு வரைந்திருப்பார்கள். மாரத்தான் தூரத்தை அளப்பவர்கள், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, சட்டப்படி ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியைச் சைக்கிளில் பொருத்திய எண்ணியால் அளக்கிறார்கள். பாதை தப்பித் தவறிக் குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 42 மீட்டர், கூட்டியே வைப்பார்கள். நீலக் கோடு காட்டுவது அந்தக் குறுகிய வழியைத்தான். கூட்டத்தில் வளைவுகளில் வெளிப்பக்கமாக ஓடி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி, ஆட்களைச் சுற்றி முந்தினால் 42.195 எளிதாக 42.7 ஆகிவிடும்.

இதை நேரக் கணக்கில் பாருங்கள். நான்கு மணி நேரத்தில் முடிக்க கி.மீ.க்கு 5:41 வேண்டும். கடிகாரம் கடைசியில் 42.7 காட்டுமானால், அதில் தெரியும் சராசரி 5:37 ஆக இருந்திருக்க வேண்டும். 5:41-ஐப் பார்த்துத் திருப்தியாக ஓடிவந்தவர் 4:02-க்கு மேல்தான் முடிப்பார். நான்கரை மணிக்கு 6:24, ஐந்து மணிக்கு 7:07 என்பவற்றுக்கும் இதே நாலைந்து வினாடிக் கழிவு பொருந்தும்.

எனவே கடிகாரத்தின் தானியங்கிச் சுற்றை அணைத்து, சாலையோரக் கி.மீ. பலகையைத் தாண்டும்போது நீங்களே பொத்தானை அழுத்துங்கள். ஐந்து கி.மீ.க்கு ஒருமுறை எந்த நேரத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வது இன்னும் எளிது. வளைவு வரும் பக்கத்துக்கு நூறு மீட்டர் முன்பே மெல்ல நகர்ந்துகொள்ளுங்கள். கடைசி நொடியில் குறுக்கே வெட்டினால் பின்னால் வருபவர் விழுவார்.

பெர்லினில் இறங்கிய பிறகு

வியாழனாவது போய்ச் சேருங்கள். நம்மைவிட அங்கே மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் இரவு சீக்கிரம் தூக்கம் வரும், காலையில் தானாகவே விழிப்பு வரும். ஓட்டக்காரர்களுக்கு இது வசதி.

மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையான பிப்பை வாங்கும் இடம் பழைய டெம்பெல்ஹோஃப் விமான நிலையம். கட்டடம் மிகப் பெரியது, கடைகளும் கூட்டமும் கால்களை வலிக்கச் செய்யும். முடிந்தவரை பிப் கொடுக்கத் தொடங்கும் முதல் நாளே போய் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். அங்கே மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். ஞாயிறு தொடக்கப் பகுதிக்குள் நுழைய அது வேண்டும், கழற்றாதீர்கள்.

சாப்பாட்டுக்கு முன்யோசனை தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதியில்லை. நெய், பால்கோவா எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். புளிக்காய்ச்சல், அரிசி, அவல் போன்றவை நம் வயிற்றைக் காப்பாற்றும், சமையலறை உள்ள அறையாக எடுத்தால் நிம்மதி. தயிர் அங்கேயே கிடைக்கும். ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் ஓட்ட நாள் காலை உணவைச் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். கடைசி இரண்டு நாளும் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 8 கிராமாவது மாவுச்சத்து. 60 கிலோ எடைக்கு நாளுக்கு 480 கிராம். சோறும் ரொட்டியும் பழச்சாறுமாகப் பிரித்துச் சாப்பிட்டால்தான் எட்டும். காய்கறி, பருப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஊர் சுற்றும் ஆசை வரும். அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமைக்கு இருக்கட்டும். காலையில் இருபது நிமிடம் மெதுவாக ஓடி, அறையில் கால் நீட்டிப் படுங்கள்.

ஓட்ட நாள்

முதல் அலை காலை 9.15-க்குக் கிளம்பும். பின்தொகுதிகளில் இருப்பவர்கள் அதற்குப் பிறகும் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆறு மணிக்கு எழுந்து சாப்பிடுங்கள். நம் கடிகாரத்தில் அது ஒன்பதரை, பசி இருக்கும். தொடக்கத்துக்கு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழமோ ஜெல்லோ.

குளிரில் நிற்பதுதான் நம்மவர்களுக்குப் புதிது. பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு போய், கிளம்பும் முன் கழற்றிவிடலாம். மெல்லிய கையுறை முதல் ஐந்து கி.மீ.க்கு மிக உதவும். ஆனால் ஓடும்போது அரைக்கை பனியனும் கால்சட்டையும் போதும். தொடக்கத்தில் லேசாக நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். 2025-இல் நடந்தது போல வெயில் ஆண்டும் வரும். அப்படியானால் இலக்கைக் கி.மீ.க்குப் பத்து வினாடி தள்ளிவைத்து, நம் சென்னைப் பழக்கத்தை நம்பி ஓடுங்கள். தொடை, அக்குள், மார்பில் வேசலின் தடவ மறக்காதீர்கள்.

புதிய காலணி, புதிய சாக்ஸ், புதிய ஜெல் எதுவும் அன்று வேண்டாம். 2015-இல் இதே பாதையில் கிப்சோகேயின் காலணிக்குள் இருந்த உள்தாள்கள் நழுவி வெளியே வந்து இரு பக்கமும் இறக்கை போல ஆடின. அப்படியே ஓடி 2:04:00-இல் வென்றார். நமக்கு அந்தக் கால்கள் இல்லை. 25 கி.மீ.யாவது ஓடிப் பழகிய காலணியே போடுங்கள்.

தண்ணீர் மேசைகள் நீளமாக இருக்கும். முதல் மேசையில் எல்லோரும் மோதுவார்கள், கடைசி மேசைக்குப் போங்கள். கோப்பையின் வாயை விரலால் குறுக்கிப் பிடித்துச் சிறிது சிறிதாகக் குடித்தால் மூக்கில் ஏறாது. தரையில் கோப்பைகள் சிதறி ஈரமாக இருக்கும். அந்த முப்பது மீட்டரில் அடியைச் சுருக்கி ஓடுங்கள், அல்லது நடந்தே குடியுங்கள். பத்து வினாடிதான் போகும். சூடான தேநீரும் சில இடங்களில் கொடுப்பார்கள். பழக்கமில்லாத வயிற்றில் ஓடும்போது ஊற்ற வேண்டாம்.

பாதியைத் தாண்டும்போது இன்னும் பேசும் அளவுக்கு மூச்சு இருந்தால் சரியாக வந்திருக்கிறீர்கள். அப்போதும் வேகம் கூட்டாதீர்கள், 30 வரை பொறுங்கள். அங்கே கால் இருந்தால் கி.மீ.க்கு மூன்று நான்கு வினாடி குறைத்துப் பாருங்கள். தொடை இறுக ஆரம்பித்தால் அடியைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நின்று நீட்டி மடக்குவதைவிட அது எனக்கு நன்றாக வேலை செய்தது.

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள். போர்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள், வியர்வை ஆறியதும் குளிர் சட்டென்று பிடிக்கும். குடும்பத்தோடு போனால் சந்திக்கும் இடத்தை முந்தின நாளே முடிவு செய்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் தொலைபேசி பெரும்பாலும் எடுக்காது. சுரங்க ரயில் நிலையங்களில் லிஃப்ட் எங்கே என்று பார்த்து வையுங்கள், இறங்கும் படிகள் அன்று மாலை மிகவும் வலிக்கும். அன்றிரவே விமானம் ஏற வேண்டாம். களைத்த காலோடு பத்து மணி நேரம் மடங்கி உட்கார்ந்தால் வீக்கம் வரும், ரத்தக்கட்டு அபாயமும் உண்டு. செவ்வாய்க்கிழமைக்குச் சீட்டு எடுங்கள், திங்கள் முழுக்க மெதுவாக நடந்து ஊரைப் பாருங்கள். முந்தின நாள் ஓடிய தெருக்களை அப்போதுதான் சரியாகப் பார்ப்பீர்கள்.